சிவப்பு வண்டியின் தரைச்சூடு

தம்பி, இதை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காதே. சாப்பிட்டு முடித்துவிட்டு, நித்யாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி. கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியாமல் மகனிடம் மட்டும் சொல்ல வேண்டிய சங்கதி இதில் எதுவும் இல்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டதும் நான் நினைத்துவைத்தது ஒன்று, வாயில் வருவது ஒன்று என்று ஆகிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆனது. "வண்டி ரெடியா ம்மா?" என்று கேட்டாய். "இன்னும் சூடு இருக்குதுப்பா" என்றேன். "சரி ம்மா, அவசரம் இல்ல, பொறுமையா பாருங்க" என்றாய். நீ கொஞ்சம் சிடுசிடுத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நம் வீட்டுச் சமாச்சாரத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறாளே என்று உனக்குத் தோன்றலாம். அந்த நாலு பேரில் மூன்று பேர் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பியவர்களாகத்தான் இருப்பார்கள், அதனால் எனக்கு வெட்கமில்லை. அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் எங்கள் வீடு. வீட்டு முன்னால் போட்ட தகரக் கொட்டகைதான் என் கடை. ஆட்டோவுக்கும் காருக்கும் சீட் தைக்கிறேன், தரைக்குக் கார்ப்பெட் போடுகிறேன். என் வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் புனேயில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சென்ற ஆவணியில் கல்யாணம் ஆனது. இவ்வளவுதான் நாங்கள்.

அந்தச் சிவப்பு வண்டியை நீ பாண்டிச்சேரியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, உட்கார்ந்தால் எதிரில் வருகிற ஆட்டோவின் சக்கரம் கண்ணுக்கு நேராக வரும். பழைய சொந்தக்காரர் சத்தத்துக்கு ஆசைப்பட்டு ஒரு பெரிய சைலன்சர் பைப்பைப் போட்டு வைத்திருந்தார். நீ தெரு முனையில் திரும்பும்போதே இங்கே பாத்திரம் அதிர்ந்தது. இறங்கியதும் முதல் வேலையாக என்னை உள்ளே உட்காரச் சொன்னாய். வீட்டுக்கு வந்த புது வண்டி என்று நான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏறினேன். ஏறின வேகத்தில் காலைத் தூக்கிக்கொண்டேன். தோசைக்கல்லில் வைத்தது போல இருந்தது. "இன்னாடா இது, காலு பொசுங்குது?" என்றேன். நீ ஷூவைத் தட்டிக் காட்டிச் சிரித்தாய். "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் ம்மா. ஷூ போட்டா தெரியாது." பெரிய இன்ஜினீயர் சொன்ன பதில் அது. உன் அப்பா அதற்குள் கீழே படுத்து பைப்பைப் பார்த்துவிட்டு எழுந்தார். "ரெண்டு சீட்டுக்கு நடுவுல, தரைய ஒட்டிக்கினு போவுது பைப்பு. மேல ஒயர் கட்டு. இது காலுக்கு மட்டும் சுடல, ஒயருக்கும் சுடுது" என்றார்.

அவர் சொன்னது உடனே சரி என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, முதல் வைத்தியத்தை நான்தான் கண்டுபிடித்தேன். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியாது என்று தென்னைநார் விரிப்பைப் போட்டு, ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து வைப்பார்களே, அதில் நடந்தால் எவ்வளவு சுகமாக இருக்கும். கல்லுக்கு ஆகிறது தகரத்துக்கு ஆகாதா என்று எனக்குத் தோன்றியது. நீயும் தலையை ஆட்டினாய், அதை மறந்துவிடாதே. கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு, நார் விரிப்பை அளவாக வெட்டி, நன்றாக நனைத்துப் போட்டோம். வீட்டிலிருந்து செங்கம் ரோடு வரைக்கும் குளுகுளுவென்றுதான் இருந்தது. "பாத்தியா, கம்பெனிக்காரனுக்குத் தெரியல" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, ஹாரன் தானாகக் கத்த ஆரம்பித்தது. தண்ணீர் ஒயர் கட்டுக்குள் இறங்கிவிட்டது. ஈரம் காய்ந்த ஓரத்தில் நார் பொசுங்கிப் புகை வந்தது. நின்றது எங்கே என்றால் சரியாக அக்னி லிங்கக் கோயிலுக்கு எதிரே. ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, கார்த்திகைக்கு இன்னும் எவ்ளோ மாசம் கீது, அதுக்குள்ள தீபம் ஏத்திட்ட?" என்றார். நீ பேட்டரி ஒயரைப் பிடுங்குகிற வரைக்கும் ஹாரன் நிற்கவில்லை. கிரிவலம் வந்த ஒரு குடும்பம் கோயிலையும் நம்மையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனது.

அதற்கப்புறம்தான் அந்த வண்டி நம் வீட்டு ஆளாக ஆனது. புனேக்கு அதை அப்படியே கொண்டுபோக முடியாது, சரி பண்ணிவிட்டு எடுத்துப்போகிறேன் என்று கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாய். கொஞ்சம் லீவு கிடைத்தாலும் பெங்களூரு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, கண் சிவக்க வந்து நிற்பாய். குளித்துச் சாப்பிட்டதும் வண்டிக்கு அடியில் போய்விடுவாய். அப்பா ஒரு பக்கம் படுத்திருப்பார், நீ ஒரு பக்கம். சீட்டைக் கழற்றிவிட்டு நான் மேலே உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு தகரம். கீழேயிருந்து நீ தட்டுவாய், நான் மேலேயிருந்து பதிலுக்குத் தட்டுவேன். "அங்க இல்ல ம்மா, இன்னும் கொஞ்சம் முன்னால" என்று உன் குரல் தகரத்துக்கு அடியிலிருந்து வரும். உன் முகம் தெரியாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு கால்கள்தான் தெரியும். எனக்கு அது போதும். தெருவில் போகிறவர்கள், "தம்பி வந்துக்கீறாரா?" என்று அந்தக் கால்களைப் பார்த்துத்தான் கேட்பார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் லீவில் வந்தால் தூங்குகிறார்கள், நண்பர்களோடு போய்விடுகிறார்கள். என் பிள்ளை வீட்டு வாசலிலேயே கிடக்கிறான் என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம். வண்டியைப் பார்க்கத்தான் வருகிறான், எங்களைப் பார்க்க அல்ல என்று உன் அப்பா ஒரு முறை சொன்னார். எதற்காக வந்தால் என்ன, வருகிறான் அல்லவா என்று நான் சண்டைக்குப் போனேன்.

கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் புது வீட்டுக்குப் போனதும் அந்த போன் வந்தது. "ம்மா, இங்க கார் நிறுத்த எடம் குடுத்துட்டாங்க. தரை வேலைய முடிச்சிடுங்க. நானும் நித்யாவும் வந்து ஓட்டிக்கினே வந்துடறோம்." நித்யா பின்னாலிருந்து, "அத்தை, நானும் ஓட்டுவேன்" என்று கத்தினாள். எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போனை வைத்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு ஆட்டோ சீட்டைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

இந்த முறை நார் விரிப்பு வைத்தியம் எல்லாம் இல்லை. ஒழுங்காகச் செய்தோம். பைப்பு முழுக்கக் கண்ணாடி நார்ப் பட்டையைத் தண்ணீரில் நனைத்து, இறுக்கமாகச் சுற்றினார் உன் அப்பா. அந்த நார் கையில் குத்தி இரண்டு நாள் சொறிந்துகொண்டே திரிந்தார், கையுறை போடுங்கள் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. பைப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடு. தகடு தரையைத் தொடக் கூடாது, தொட்டால் சூட்டை அது வாங்கி இதற்குக் கொடுத்துவிடும் என்று, ஒவ்வொரு போல்ட்டிலும் விரல் தடிமனுக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டை வைத்து இடைவெளி விட்டு மாட்டினார். அந்த இடைவெளியில் ஓடுகிற காற்றுதான் பாதி வேலையைச் செய்கிறது. இதிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு புத்திமதி எடுத்துச் சொல்லலாம். சொல்ல மாட்டேன், நித்யா சிரிப்பாள்.

மேலே என் வேலை. பழைய கார்ப்பெட்டைப் பிரித்தபோது ஒயரில் சுற்றியிருந்த கறுப்பு டேப் உருகி, பிசுபிசுவென்று விரலோடு வந்தது. அந்த ஒயர் கட்டை நடுவிலிருந்து எடுத்துக் கதவோரமாகக் கொண்டுபோனேன். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கிடைக்கிற வெள்ளை ஃபைபர் குழலை வாங்கி, ஒவ்வொரு ஒயரையும் அதற்குள் நுழைத்தேன். நடுவிலிருந்து நகர்த்த முடியாத ஒரு கட்டுக்கு இரண்டு சுற்று. தகரத்தை ஓட்டை போட்டு ஒயர் போகிற இடத்தில் எல்லாம் ரப்பர் வளையம், இல்லாவிட்டால் தகர விளிம்பு ஒயரை அறுத்துவிடும். தரை முழுக்க வெள்ளித்தாள் ஒட்டிய பாய், அதன் மேல் புதுக் கார்ப்பெட். ஓரத்தைச் சிவப்பு நூலில் தைத்தேன். யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை, இருந்தாலும் தைத்தேன்.

முடித்ததும் ஓட்டிப் பார்த்தோம். வேகமாக ஓடும்போது சூடு தெரியாது, காற்று கொண்டுபோய்விடும். நின்று நின்று போகிறபோதுதான் மேலே ஏறும். அதனால் வேண்டுமென்றே சனிக்கிழமைக் கூட்டத்தில் தேரடி வீதிக்கு வண்டியை விட்டார் உன் அப்பா. பஸ்ஸுக்குப் பின்னால், பூ வண்டிக்குப் பின்னால், மாட்டுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனோம். நான் வெறுங்காலைத் தரையில் அழுத்தி வைத்திருந்தேன். வீட்டுக்கு வருகிற வரைக்கும் ஒன்றும் சுடவில்லை. சாதாரணத் தரை. உன் அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான், "ம்" என்றேன். அவரும், "ம்" என்றார். இவ்வளவு நல்ல வேலை செய்துவிட்டு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நீ கேட்டாய், ரெடியா என்று. என் வாயில் வந்தது, "இன்னும் சூடு இருக்குது."

ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. அடுத்த ஞாயிறும் சொன்னபோது தெரிந்தது. வண்டி இருக்கிற வரைக்கும் உனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் தீபத்துக்கு ஒரு நாள், பொங்கலுக்கு இரண்டு நாள் என்று வந்து, பெட்டியைத் திறக்காமலேயே கிளம்பிவிடுவாய். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், உன்னைக் குறை சொல்லவில்லை. கொட்டகையில் அந்தச் சிவப்பு வண்டி நிற்கும்போது நீ எங்கேயோ கடைக்குப் போயிருக்கிறாய், வந்துவிடுவாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காலையில் வாசல் தெளிக்கும்போது அதன் மேல் தண்ணீர் படாமல் தெளிப்பேன். சில நாள் மதியம் கதவைத் திறந்து உன் சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பேன். என்னிடம் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் அப்பா அந்த நாட்களில் போனை வாங்கவே மாட்டார், நீ கவனித்தாயா? "அப்பாகிட்ட குடுங்க ம்மா" என்றால், "அம்மாகிட்டயே கேளு" என்று கை காட்டிவிட்டுப் போய்விடுவார். பொய் சொல்ல அவருக்கு வராது. டெப்போவில் பிரேக் சரியில்லாத பஸ்ஸைச் சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாததற்காக ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர். அப்படிப்பட்ட மனிதர் போன ஞாயிறு என் கையிலிருந்து போனைத் தானாக வாங்கி, "ஆமாப்பா, சூடு ஜாஸ்தியாத்தான் இருக்குது" என்று உன்னிடம் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்து அன்றைக்கு அவருக்குக் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

திங்கட்கிழமை ரெக்சின் வாங்கப் போக வேண்டியிருந்தது. வெயிலாக இருக்கிறது, வண்டியிலேயே போகலாம் என்றேன். அவர், "ஆட்டோல போலாமே" என்று இழுத்தார். நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகவில்லை, காலைத் தூக்கிக்கொண்டேன். முதல் நாள் சுட்டது போலவே சுட்டது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். கொட்டகைக்கு வந்து, இன்ஜின் ஆறியதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே கீழே படுத்துப் பார்த்தேன்.

"என்னங்க, தகடு தரையோட ஒட்டிக்கினு கெடக்குது. நடுவுல வெச்ச குழாய்த் துண்டுலாம் எங்க?"

"டப்பால கீது."

"யாரு கழட்டனது?"

"நான்தான்."

"எதுக்கு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அழுக்கு எதுவும் இல்லை, இருந்தாலும் துடைத்தார். "நீ வாயால சொல்லிடற. எனக்கு வரல. அவன் கேட்டா இன்னா சொல்றது? அதான், நெஜமாவே சூடா இருக்கட்டும்னு எடுத்துட்டேன்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பொய் சொல்ல முடியாததால் வண்டியையே கெடுத்து உண்மையாக்கிவிட்ட மனிதரை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அது அழுகையாகிவிட்டது. "உங்களுக்கும் அப்படித்தான் இருக்குதா?" என்று கேட்டேன். "பின்ன? எனக்கு மட்டும் அவன் புள்ள இல்லியா?" என்றார். உன்னை நினைத்து நான்தான் தனியாக ஏங்குகிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரே வீட்டில், ஒரே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஏங்கியிருக்கிறோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்ப்பெட்டைத் தூக்கினேன். நடுவில் ஓடுகிற அந்த ஒரு கட்டு, நான் இரண்டு சுற்றுச் சுற்றிய இடம், பழுப்பேறிக் கிடந்தது. வெள்ளித்தாள் ஒரு கை அகலத்துக்கு உப்பியிருந்தது. நித்யா உட்காருகிற பக்கம் அது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பிடித்தபடி அவரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. விரலால் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "ரெண்டு பேரும் இதுல அவ்ளோ தூரம் போவாங்களே" என்றார். "ஒண்ணும் ஆவல, விடுங்க. இப்பவே சரி பண்ணிடலாம்" என்று நான்தான் சொன்னேன். உன்னைப் பிரிந்திருக்க முடியாது என்பதற்காக உன்னை ஆபத்தில் ஏற்றி அனுப்புகிற அளவுக்கு நாங்கள் கெட்டுப்போகவில்லை. ஆனால் அதற்கு ரொம்பக் கிட்டத்தில் போயிருக்கிறோம்.

அன்றைக்கே உட்கார்ந்தோம். அவர் கீழே, நான் மேலே. குழாய்த் துண்டுகளை எல்லாம் திரும்ப வைத்து, போல்ட் கழலாமல் இருக்க இன்னொரு நட்டும் போட்டு முடுக்கினார். நான் பழுத்த குழலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன், உப்பிய பாயை வெட்டி எடுத்து வேறு ஒட்டினேன். உன் இடத்தில் யாரும் இல்லை. ஒரு முறை பழக்கத்தில் தகரத்தைத் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, கீழேயிருந்து அவர் பதிலுக்குத் தட்டினார். பௌர்ணமிக் கூட்டம் வடிந்ததும் மறுபடி தேரடி வீதிக்கு ஓட்டிக்கொண்டு போனோம். அவரையும் செருப்பைக் கழற்றச் சொன்னேன். சுடவில்லை. கார்ப்பெட்டைத் தூக்கி ஒயரையும் பார்த்தோம், போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது.

ஆகவே தம்பி, வண்டி ரெடி. நிஜமாகவே ரெடி. புறப்படுகிற நாளைச் சொல், பெட்ரோல் போட்டு வைக்கச் சொல்கிறேன். வழியில் மழைத் தண்ணீரில் வேகமாக விடாதே, சூடான பைப்பில் சுற்றிய பட்டை நைந்துவிடும். எப்போதாவது ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்துப் பார், காலுக்குத் தெரிவது மீட்டருக்குத் தெரியாது. கருகல் வாசனை வந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டாதே, ஓரமாக நிறுத்தி இரண்டு பேரும் இறங்கிவிடுங்கள். நித்யா ஓட்டட்டும். அவள் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு, அப்படித் திருப்பு இப்படித் திருப்பு என்று பக்கத்தில் உட்கார்ந்து உயிரை வாங்காதே. உன் அப்பா அப்படிச் செய்துதான் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை.

நீங்கள் கிளம்பும்போது நான் அழுவேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கப்புறம் இந்தக் கொட்டகையில் நீ கழற்றவோ மாட்டவோ ஒரு நட்டுகூட இருக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வீடு ஒழுகவில்லை, கையெழுத்துப் போட வேண்டிய வேலையும் எதுவும் இல்லை. நீ வந்து செய்ய வேண்டியது என்று இங்கே ஒன்றுமே இல்லை. இனி அப்படி ஒன்றை நாங்கள் உண்டாக்கவும் மாட்டோம். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலவே இருக்கிறது, எப்போதும் இருக்கும். லீவு கிடைத்தால் சும்மா வா.